தோட்டா பட்டால் பீங்கான் என்ன ஆகும்?

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-ல், நெவில் மன்ரோ ஹாப்கின்ஸ் என்ற மேஜர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். எஃகுத் தகட்டின் முகத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு எனாமல் பூசிவிட்டால், அந்தத் தகடு தோட்டாவை முன்பைவிட நன்றாகத் தாங்கியது. எனாமல் என்பது கண்ணாடிப் பூச்சு. வீட்டில் எனாமல் தட்டு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: ஒருமுறை கைதவறிப் போட்டாலே ஓரத்தில் சில்லு பெயர்ந்து அடியில் உள்ள இரும்பு கறுப்பாகத் தெரியும். எஃகையே துளைக்கிற தோட்டாவிடம் இந்தப் பூச்சுக்கு என்ன வேலை?

இந்த உத்தி பரவலாகக் களத்துக்கு வந்தது 1960-களின் நடுவில். வியட்நாமில் தாழப் பறந்த அமெரிக்க ஹெலிகாப்டர்களைக் கீழேயிருந்து சுட்டார்கள். விமானியைச் சுற்றி எஃகு வைத்தால் எடை கட்டுப்படியாகாது. அதனால் இருக்கைக்கு ஒரு புதுவகைக் கவசம் செய்தார்கள். முகப்பில் போரான் கார்பைடு என்ற பீங்கான். அதன் முதுகில் ஒட்டிய கண்ணாடி இழைப் பலகை. இன்று படைவீரர்கள் சட்டைக்குள் செருகிக்கொள்ளும் மார்புத் தகடும் அடிப்படையில் இதே ஜோடிதான். முதுகுப் பலகை மட்டும் கெவ்லார், பாலிஎத்திலீன் என்று மாறியிருக்கிறது.

பீங்கான் என்றால் இங்கே டீக்கோப்பைப் பீங்கான் இல்லை. மூன்று பொருள்கள் முக்கியம். முதலாவது அலுமினா. பைக்கின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக இருக்கிறதே, அது. இரண்டாவது சிலிக்கான் கார்பைடு. கறுப்பு உப்புத்தாளிலும் சாணைக்கல்லிலும் இருப்பது. மூன்றாவது போரான் கார்பைடு. மூன்றில் மிகக் கடினமானதும் மிக இலேசானதும் இதுவே. ஒரு கன சென்டிமீட்டர் 2.5 கிராம்தான். சிலிக்கான் கார்பைடு 3.2, அலுமினா 3.9. எஃகோ 7.8 கிராம்.

இவை எப்படித் தோட்டாவைத் தடுக்கின்றன என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும்: "பீங்கான் உடையும்போது தோட்டாவின் ஆற்றலை உறிஞ்சிவிடுகிறது." கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டால் நிற்காது. அந்தக் கணக்குக்குப் பிறகு வருவோம். முதலில் பீங்கான் ஏன் உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு இரும்புக் கம்பியை வளைத்தால் அதற்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறும். கம்பி வளையும், உடையாது. பீங்கானில் அணுக்களைப் பிணைக்கும் பிணைப்பு வேறு மாதிரி. அந்த வழுக்கலுக்கு அது இலேசில் இடம் கொடுக்காது. அதனால்தான் அதற்கு அவ்வளவு கடினத்தன்மை. அதனாலேயே விரிசல் முனையில் குவியும் விசையைத் தளர்த்த அதற்கு வழியும் இல்லை. அழுத்தினால் பிரமாதமாகத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அலுமினாவை நசுக்க இரண்டு மூன்று கிகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும். அதையே இழுத்து உடைக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இந்தப் பலவீனத்துக்குக் காரணம் சொன்னவர் ஏ. ஏ. கிரிஃபித். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவர். 1921-ல் வெளியான கட்டுரையில், கண்ணாடியின் பிணைப்புகளைக் கணக்கிட்டால் வரவேண்டிய வலிமைக்கும் உண்மையில் இருக்கும் வலிமைக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டார். உள்ளே ஏற்கெனவே இருக்கும் நுண்ணிய கீறல்கள்தான் காரணம் என்பது அவருடைய பதில். கீறலின் முனையில் விசை குவிகிறது. ஓர் அளவைத் தாண்டினால் கீறல் தானாகவே ஓட ஆரம்பிக்கிறது. சாதாரண அலுமினாவில் 50 மைக்ரான் அளவுள்ள ஒரு குறை, அதாவது ஒரு தலைமுடிக் கனத்துக்கு ஒரு நுண்துளையோ கீறலோ இருந்தால் போதும், அதன் இழுவலிமை 300 மெகாபாஸ்கல் அளவோடு நின்றுவிடும். சூளையில் சுடும்போது வெளியேறாமல் தங்கிய காற்று, ஒட்டாமல் விட்ட மணி, தேய்க்கும்போது விழுந்த கோடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

தரைக்கு டைல்ஸ் பதிக்கும் கொத்தனார் இதைத் தினமும் பயன்படுத்துகிறார். கட்டரின் சிறு சக்கரத்தை அழுத்தி ஒரு கோடு இழுக்கிறார். கைப்பிடியை மெல்ல அமுக்குகிறார். டக்கென்று இரண்டு துண்டு, கோட்டின்மேலேயே. அந்த ஒரு குறை ஓட ஆரம்பித்ததும் சுற்றியிருந்த இழுவிசை தளர்ந்துவிடுகிறது. மற்ற குறைகளுக்கு வேலை வருவதில்லை. மெல்ல உடைவதன் இலக்கணம் இதுதான்: மிகப் பெரிய குறை ஒன்று ஜெயிக்கும், மற்றவை சும்மா இருக்கும்.

வேகமாக அடித்தால் இந்த இலக்கணம் தலைகீழாகிறது.

விரிசலுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. ஜன்னல் கண்ணாடியில் விரிசல் எவ்வளவு முரட்டுத்தனமாக ஓடினாலும் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். பீங்கானிலும் விரிசலின் வேகம் அதில் செல்லும் ஒலியின் வேகத்தில் ஒரு பகுதிதான். ஆகவே 'இங்கே உடைந்துவிட்டது, இனி இழுக்க வேண்டாம்' என்ற சேதி ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகச் சிறிது நேரம் ஆகும். விசை அதைவிட வேகமாக ஏறினால், சேதி வந்து சேரும் முன்பே அடுத்த குறையும் அதன் வரம்பைத் தாண்டிவிடும். அதற்கு அடுத்ததும் தாண்டும். பெரியது, நடுத்தரம், பொடி என்று எல்லாக் குறைகளும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஒவ்வொரு விரிசலும் கொஞ்ச தூரம் ஓடி இன்னொன்றில் முட்டி நிற்கும். விளைவு, சுக்குநூறு.

இந்தச் சிந்தனையை முதலில் கணக்காக்கியவர் நெவில் மாட். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிக் குண்டின் எஃகு ஓடு எத்தனை துண்டாகும் என்று கணிக்கும் வேலை அவரிடம் வந்தது. 1980-களில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டென்னிஸ் கிரேடி ஆற்றல் சமநிலையை வைத்து, பீங்கான் போன்ற நொறுங்கும் பொருள்களுக்கும் ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி, இழுக்கப்படும் வேகம் பத்து மடங்கானால் துண்டின் சராசரி அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். அலுமினாவின் எண்களை அதில் போட்டால் ஒரு வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் சில்லு வரும். பத்து மடங்கு வேகத்தில் கால் மில்லிமீட்டருக்கும் சற்றுச் சிறிய குருணை வரும். இயற்கையில் சில்லுகளின் அளவு இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை என்றாலும் போக்கு இதுதான்.

இனி ஒரு தோட்டாவோடு பீங்கானுக்குள் போவோம். அமெரிக்காவின் நான்காம் நிலைச் சோதனையில் சுடப்படும் தோட்டா 10.8 கிராம் எடை, விநாடிக்கு 878 மீட்டர் வேகம். செம்பு உறைக்குள் கடினப்படுத்திய எஃகு உட்கரு இருக்கும், சுமார் 6 மில்லிமீட்டர் விட்டம். இயக்க ஆற்றல் 4,100 ஜூலுக்குச் சற்று மேல். எதிரே 9 மில்லிமீட்டர் கன அலுமினா, முதுகில் பாலிமர் பலகை என்று வைத்துக்கொள்வோம். நேரத்தை மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் எண்ண வேண்டும்.

தொட்ட கணத்தில் முனையில் அழுத்தம் பத்து கிகாபாஸ்கல் அளவுக்கு ஏறும். காற்று நம்மேல் அழுத்தும் அழுத்தத்தைப்போல ஒரு லட்சம் மடங்கு. எவ்வளவு கடினப்படுத்தினாலும் எஃகு இரண்டு கிகாபாஸ்கல் அளவிலேயே இளகி நெளியத் தொடங்கிவிடும். அலுமினாவோ இப்படி நாலாபுறமும் நெருக்கப்பட்ட நிலையில் ஆறேழு கிகாபாஸ்கல் வரை தாங்கும். ஆக, முதல் அடியில் தோற்பது தோட்டா. கூர்முனை மழுங்குகிறது, பக்கவாட்டில் பிதுங்குகிறது, சிதறுகிறது. 1918-ல் அந்த எனாமல் பூச்சு செய்ததும் இந்த வேலையைத்தான்: பின்னால் இருந்த எஃகுக்கு முனை மழுங்கிய தோட்டா போய்ச் சேர்ந்தது.

அதே நேரத்தில் அழுத்த அலை ஒன்று பீங்கானுக்குள் கிளம்பிவிட்டது. அலுமினாவில் அதன் வேகம் விநாடிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல். 9 மில்லிமீட்டரைக் கடக்க ஒரு மைக்ரோ விநாடி கூட ஆகாது. தோட்டா ஒரு மில்லிமீட்டர் நகர்வதற்குள் அலை முதுகைத் தொட்டுவிடும். அங்கே மென்மையான பாலிமர் இருப்பதால் அலையின் பெரும்பகுதி திரும்பி வருகிறது, ஆனால் குணம் மாறி வருகிறது. ரேஷன் கடை வரிசையில் கைகோத்து நிற்பவர்களைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால், தள்ளு ஆள் மாறி ஆள் மாறி முன்னே போகும். வரிசையின் முன்கோடியில் நிற்பவருக்குச் சாய முன்னால் ஆள் இல்லை, அவர் தடுமாறி முன்னே போவார், போகும்போது பின்னால் உள்ளவரின் கையையும் இழுப்பார். தள்ளாகப் போனது இழுப்பாகத் திரும்புகிறது. பீங்கானுக்குத் தாங்காதது அந்த இழுப்புதானே! கேம்பிரிட்ஜில் பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1914-ல் இதை எஃகிலேயே காட்டினார். தகட்டின் ஒரு பக்கம் துப்பாக்கிப் பஞ்சை வைத்து வெடித்தால் மறுபக்கத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து பறக்கும். எஃகுக்கே அந்தக் கதி என்றால் பீங்கானுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பக்கத்தில் இன்னொரு காரியம் நடக்கிறது. இதைப் பார்க்க ஆயுதம் எதுவும் வேண்டாம், நெடுஞ்சாலையில் லாரி டயர் தெறித்த கல் பட்ட கார்க் கண்ணாடி போதும். வெளியே விரலால் தடவினால் ஊசிமுனை அளவுக்கு ஒரு பள்ளம் மட்டுமே தட்டுப்படும். ஆனால் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் காசு அகலத்துக்குப் பளபளவென்று ஒரு வட்டம் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் அது வட்டமில்லை, கூம்பு. உச்சி வெளியே, அடி உள்ளே. அதிலிருந்து நாலைந்து கோடுகள் நட்சத்திரம் மாதிரி ஓடியிருக்கும். கெட்டியான ஒன்று கண்ணாடியை அமுக்கும்போது அமுக்கிய இடத்தின் விளிம்பில் ஒரு வளையமாக இழுவிசை பிறக்கிறது. விரிசல் அந்த வளையத்தில் தொடங்கி வெளிப்புறமாகச் சரிந்து இறங்குகிறது. இதற்கான கணிதம் ஹெர்ட்ஸ் 1881-ல் எழுதியது. பிறகு மின்காந்த அலைகளைக் காட்டிய அதே ஹெர்ட்ஸ்தான். ஜன்னலைத் துளைத்த குண்டு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தடயவியல்காரர்கள் சொல்வதும் இந்தக் கூம்பை வைத்துத்தான்: துளை விரிந்திருக்கும் பக்கம் வெளியேறிய பக்கம்.

கவசத்தில் இந்தக் கூம்பு ஒரு வரப்பிரசாதம். விரிசல்கள் கூம்பாக இறங்குவதால் தோட்டாவின் தள்ளுவிசை 6 மில்லிமீட்டர் வட்டத்தோடு நிற்காமல், முதுகுப் பலகையில் சுமார் 4 சென்டிமீட்டர் வட்டத்துக்குப் பரவுகிறது. பரப்பில் நாற்பது மடங்கு. ஊசி குத்த வேண்டிய இடத்தில் உள்ளங்கை வைத்துத் தள்ளுவதாக ஆகிவிடுகிறது. இழைப் பலகை அதை வலைபோல வாங்கிக்கொள்ள முடியும். 1960-களில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் மார்க் வில்கின்ஸ் குழு, போரான் கார்பைடு முகப்பும் அலுமினிய முதுகும் கொண்ட தகடுகளைச் சுட்டு இந்தக் கூம்பின் கதையைத் தெளிவாக்கியது. பின்பலகை சற்று முன்பே வளைந்து கொடுத்துவிட்டால் பீங்கானின் அடியில் இழுவிசை கூடி, அது சீக்கிரம் உடைந்துவிடும். முதுகு விறைப்பாக இருந்தால் முகம் கூடுதல் நேரம் நிற்கும்.

நேரம்தான் இங்கே எல்லாம். தோட்டாவின் முனைக்கு நேர் கீழே உள்ள பீங்கான் இதற்குள் நொறுங்கி மாவாகியிருக்கும். ஆனால் மாவுக்குப் போக இடமில்லை. சுற்றிலும் உடையாத பீங்கான், மேலே தோட்டா, கீழே பலகை. நெருக்கிப் பிடிக்கப்பட்ட அந்த மாவு உராய்வாலேயே நல்ல வலிமையோடு நிற்கும். துகள்கள் எல்லாமே எஃகைவிடக் கடினமானவை, நுழைய முயலும் உட்கருவை அரைத்தெடுக்கும். பத்து, பதினைந்து மைக்ரோ விநாடிகள் வரை தோட்டா ஒரு மில்லிமீட்டர்கூட முன்னேறாமல் முகப்பிலேயே நின்று தேய்வதுண்டு. பின்பக்கம் வந்துகொண்டே இருக்கும், முன்பக்கம் கரைந்துகொண்டே இருக்கும்.

இப்போது அந்தக் கணக்கு. விரிசல் ஒரு சதுர மீட்டருக்கு ஓட அலுமினாவில் சுமார் 40 ஜூல் வேண்டும். நாம் சொன்ன கூம்பின் பருமன் நாலரை கன சென்டிமீட்டர் அளவு. அதை முழுவதும் கால் மில்லிமீட்டர் குருணையாக உடைத்தாலும் புதிய பரப்புகளை உண்டாக்கச் செலவாவது இரண்டு ஜூலை ஒட்டித்தான். இன்னும் பத்து மடங்கு நைசாக அரைத்தாலும் இருபது ஜூலைச் சுற்றி. தோட்டா கொண்டுவந்தது 4,100. உடைவது என்ற செயல் மொத்த ஆற்றலில் அரை சதவீதம்கூடத் தின்னவில்லை! மீதி எங்கே போனது? தோட்டாவை நசுக்கியதிலும் சூடாக்கியதிலும், சிதறிப் பறந்த எஃகு, பீங்கான் துகள்களின் ஓட்டத்திலும், கடைசியில் இழைப் பலகை பிதுங்கி நீண்டதிலும். பீங்கான் ஆற்றலை உறிஞ்சும் பஞ்சு அல்ல. தோட்டாவின் உருவத்தைக் கெடுத்து, அதன் விசையைப் பரப்பி, மீதி வேலையைப் பின்னால் இருப்பவரிடம் ஒப்படைக்கும் இடைத்தரகர். அது உடையலாம், உடையத்தான் செய்யும். தரகு முடியும் முன் உடையக்கூடாது, அவ்வளவுதான்.

இந்த வாதத்தை எல்லைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஹாவரும் அவர் குழுவினரும் பீங்கானைக் கனமான உலோகப் பெட்டிக்குள் இறுக்கி அடைத்து, டாங்கிக் குண்டுபோன்ற நீண்ட டங்ஸ்டன் கம்பியால் அடித்தார்கள். கம்பி முகப்பைத் தொட்டு, உள்ளே போகாமல், பக்கவாட்டில் வழிந்து முழுவதும் தீர்ந்துபோனது. பீங்கான் ஓடும் தண்ணீரைத் தடுக்கும் சுவர் மாதிரி நின்றது என்று எழுதத் தோன்றும், ஆனால் சுவருக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவையில்லை: பீங்கான் அசையாமல், விலகாமல், எந்தப் பக்கமும் இழுபடாமல் இருக்க வேண்டும். ஸ்வீடனில் லுண்ட்பர்க் குழு இதை அளந்து பார்த்தது. சிலிக்கான் கார்பைடில் விநாடிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வரை இந்த நிறுத்தம் நடக்கிறது. அதைச் சற்றே தாண்டினால் கம்பி சட்டென்று உள்ளே இறங்கிவிடுகிறது. நடுவில் இழுபறி என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் கண்ணால் பார்ப்பது எளிதல்ல. மோதிய உடனே தூள் மேகம் மறைத்துவிடும். மேகத்தை ஊடுருவப் பளிச்சிடும் எக்ஸ்-ரே உதவும். இன்னொரு தந்திரம், தகட்டின் முகத்தில் அடிக்காமல் விளிம்பில் அடிப்பது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் உள்ள எர்ன்ஸ்ட் மாக் நிறுவனம் இதில் பேர்போனது. விளிம்பில் அடித்தால் சேதம் தகட்டின் அகலத்தில் பரவுவதைப் பக்கத்திலிருந்து படமெடுக்கலாம். அதற்கான காமிரா வகைகளில் ஒன்று கிரான்ஸும் ஷார்டினும் 1929-ல் உருவாக்கியது: ஷட்டர் கிடையாது, பல மின்பொறிகள் வரிசையாக மின்னி, பொறிக்கு ஒரு படமாக எடுக்கும். அந்தப் படங்களில் ஒரு விஷயம் கண்ணில் படும். ஓடிவரும் விரிசல்களுக்கு வெகு முன்னால், இன்னும் தொடப்படாத இடங்களில் புள்ளி புள்ளியாகப் புதுச் சேதம் முளைக்கிறது. விரிசல் போய்ச் சேரவில்லை. அலை போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த புதிர் போரான் கார்பைடுதான். கடினம், இலேசு இரண்டிலும் அது முதலிடம். ஆகவே கவசத்திலும் முதலிடம் பிடிக்க வேண்டும். சாதாரணத் தோட்டாக்களிடம் அப்படித்தான் இருந்தது. ஆனால் வேகமும் அழுத்தமும் ஒரு வரம்பைத் தாண்டினால், அழுத்தம் இருபது கிகாபாஸ்கலை ஒட்டிப் போனால், எதிர்பார்த்த வலிமை திடீரென்று காணாமல் போகும். 2003-ல் சயன்ஸ் இதழில் மிங்வெய் சென், ஜேம்ஸ் மெக்காலி, கெவின் ஹெம்கர் மூவரும் காரணத்தைக் காட்டினார்கள். அடிபட்ட துண்டுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒழுங்கான படிக அடுக்குகளுக்கு நடுவே இரண்டு மூன்று நானோமீட்டர் அகலத்தில் ஒழுங்கு குலைந்த பட்டைகள் தெரிந்தன. படிகம் அங்கே கண்ணாடி மாதிரி உருவமற்றதாகிவிட்டது. விரிசல் அந்தப் பட்டை வழியே நழுவி ஓடுகிறது. அணு அடுக்குகள் வழுக்காததே பீங்கானின் பெருமை என்றோம். இங்கே அடி போதுமான அளவு பலமாக இருந்தால் படிகம் தானே ஒரு வழுக்குப்பாதையைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. பெரிய குண்டுகளை எதிர்கொள்ள வேண்டிய இடத்தில் சற்று எடை கூடினாலும் சிலிக்கான் கார்பைடைத் தேர்வு செய்வதற்கு இது ஒரு காரணம். விலையும் காரணம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இன்றும் உலகில் நிறையத் தகடுகள் அலுமினாவில் செய்யப்படுவது அது மலிவு என்பதற்காகத்தான்.

முதல் தோட்டா நின்றுவிட்டது. இரண்டாவது வந்தால்? கூம்பு இருந்த இடத்தில் இப்போது தூள்தான். நட்சத்திர விரிசல்கள் தகட்டின் விளிம்பு வரை ஓடியிருக்கலாம். அதே இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று பட்டால் அதை நெருக்கிப் பிடிக்கச் சுற்றிலும் முழுப் பீங்கான் இல்லை. இதனால் பல கவசங்களில் ஒரே பெரிய தகட்டுக்குப் பதில் அறுகோண வில்லைகளைத் தேன்கூடுபோல அடுக்குகிறார்கள். விரிசல் ஒரு வில்லையின் ஓரத்தோடு நின்றுவிடும், பக்கத்து வில்லை தப்பும். பதிலுக்கு ஒரு தலைவலியும் வரும். இரண்டு வில்லைகள் சேரும் பொருத்து பலவீனம்; மூன்று சேரும் மூலை இன்னும் மோசம். தோட்டா அங்கே பட்டால் கூம்பு முழுதாக உருவாகாது. வண்டிக் கவசத்தில் எடை கொஞ்சம் கூடினால் பரவாயில்லை என்பதால் வில்லைகள் எடுபடுகின்றன. மார்புத் தகட்டில் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான்.

ஒரே வார்ப்பு என்பதால் கீழே விழுவதும் ஒரு பிரச்சினை. தகட்டின் மேல் துணியும் நுரையும் சுற்றியிருக்கும். உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் வெளியே தெரியாது. அமெரிக்க ராணுவம் பயன்பாட்டில் உள்ள தகடுகளைத் திரும்ப வாங்கி எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறது. படத்தில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அந்தத் தகடு மறுபடி வீரரிடம் போவதில்லை.